தலையா, குதிரையா? கெல்ட்டியர் வெள்ளிக் காசைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு

படத்துக்குக் கீழே 'வலப்பக்கம் பார்க்கும் ஜீயஸ் தலை' என்று போட்டிருக்கும். படத்தில் கிரேக்கக் கடவுள் ஜீயஸும் இருக்கமாட்டார், தலையும் இருக்காது. நடுவில் ஒரு கோலிக்குண்டு. அதற்கு மேலே வரிவரியாக வளைந்த கோடுகள். வலது ஓரத்தில் ஒரு குச்சி, குச்சிக்குக் கீழே இரண்டு புள்ளி. கெல்ட்டியர் வெள்ளிக் காசை முதல் தடவை பார்க்கிற யாருக்கும் இதுதான் நிலைமை. நான் முதன்முதலில் பார்த்த அன்று, யாரோ பெயர் அட்டையை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றே முடிவு கட்டினேன்.

அட்டை சரிதான். கோலிக்குண்டு கன்னம். குச்சி மூக்கு. இரண்டு புள்ளியும் உதடுகள். வளைந்த கோடுகள் முடியும், அதில் சூடிய இலைமாலையும். ஒருமுறை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் அப்புறம் நீங்களே நினைத்தாலும் அதை வெறும் குண்டாகப் பார்க்க முடியாது. அந்த ஒருமுறை பிடிபட என்ன செய்யலாம் என்றுதான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

தொடங்குமுன் ஒரு விஷயம். கெல்ட்டியர் என்றால் ஒரு நாடு, ஒரு ராஜா, காசு அடிக்க ஒரு அக்கசாலை என்று நினைத்துவிட வேண்டாம். டான்யூப் ஆற்றங்கரையிலிருந்து இன்றைய பிரான்ஸ் வழியாக பிரிட்டன் வரை பரவியிருந்த பல குடிகளை நாம் இன்று அந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். ஏறக்குறைய கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமாபுரி அவர்களை விழுங்கும்வரை, ஒவ்வொரு குடியும் தன்தன் போக்கில் காசு அடித்தது. தங்கக் காசுகளும் உண்டு. அது தனி உலகம், இங்கே தொடவில்லை.

முதல் படி: மூலக் காசைப் பாருங்கள்

நேராகக் கெல்ட்டியர் காசில் போய் விழாதீர்கள். அவர்கள் எதைப் பார்த்து அடித்தார்களோ அதை முதலில் பாருங்கள். டான்யூப் பக்கத்து வெள்ளிக்கு மூலம், அலெக்சாண்டரின் தந்தை இரண்டாம் பிலிப் அடித்த நான்கு டிராக்மா காசு (டிராக்மா என்பது கிரேக்கர்களின் வெள்ளிக்காசு அலகு). எடை சுமார் 14.4 கிராம். ஒரு பக்கம் தாடி வைத்து இலைமாலை சூடிய ஜீயஸ். மறுபக்கம் குதிரையில் ஒரு சிறுவன், கையில் வெற்றிக்கு அடையாளமான பனையோலைக் கிளை. கி.மு. 356-இல் ஒலிம்பியாவில் பிலிப்பின் குதிரை பந்தயத்தில் ஜெயித்தது, அதைக் கொண்டாடிய படம் அது. குதிரைக்கு மேலே கிரேக்க எழுத்தில் 'பிலிப்பினுடையது' என்று வளைந்து ஓடும்.

இந்தக் காசு கெல்ட்டியர் கைக்கு எப்படிப் போனது? கூலிப்படையாகச் சண்டை போட்டதற்குச் சம்பளமாக, கொள்ளையாக, வணிகமாக. கி.மு. 279-இல் அவர்கள் கிரேக்கத்துக்குள் புகுந்து டெல்ஃபி கோயில் வரைக்கும் வந்தவர்கள். பிலிப் செத்த பிறகும் அவர் பெயரில் காசு அடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது, அவ்வளவு மதிப்பு அதற்கு. அந்த மதிப்பு வேண்டும் என்றால் அதே முகம் வேண்டும். அதனால் அதையே பார்த்து அடித்தார்கள்.

வேறு மூலங்களும் உண்டு. தாசோஸ் தீவின் பெரிய வெள்ளிக்காசில் ஐவிக்கொடி சூடிய மதுக்கடவுள் டயோனிசஸ் தலை, பின்புறம் கதாயுதத்தோடு நிற்கும் வீரன் ஹெராக்ளிஸ். மசாலியாவின், அதாவது இன்றைய மார்செய் நகரத்தின், 2.7 கிராம் டிராக்மாவில் ஆர்ட்டெமிஸ் தேவதையின் தலையும் சிங்கமும். வட இத்தாலியில் அதைப் பார்த்து அடித்தவர்கள் கையில் அந்தச் சிங்கம் மெல்ல மெல்லத் தேள் போல ஆகிவிட்டது. கடைசிக் காலத்தில் டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு. இந்த நான்கையும் நான்கு நாள் பார்த்துப் பழகினால் போதும், பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: வரிசையாக வையுங்கள்

பிலிப்பின் அசல் காசு ஒன்று, ஆரம்பகாலக் கெல்ட்டிய நகல் ஒன்று, இடைக்காலம், கடைசிக்காலம் என்று நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கடைசியிலிருந்து பார்க்காதீர்கள், அசலிலிருந்து நடந்து வாருங்கள். அசலில் தாடி சுருள்சுருளாக இருக்கும். அடுத்ததில் சுருள்கள் எல்லாம் ஒரே அளவு. அதற்கடுத்ததில் சுருள்கள் புள்ளிகளாகிவிட்டன. கடைசியில் புள்ளிகள் கோலத்துப் புள்ளி போலத் தனியாக நிற்கின்றன, தாடி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். காசில் படத்தைப் பதிக்கும் அச்சை வெட்டுகிறவன் எல்லாவற்றையும் ஒரே அளவில் கைவிடவில்லை. கண் பெரிதாகிறது. கன்னம் உருண்டு புடைக்கிறது. கழுத்து காணாமல் போகிறது. எதை வைத்துக்கொண்டான், எதை விட்டான், எதை ஊதிப் பெரிதாக்கினான் என்று மூன்று பத்தியில் எழுதிக்கொண்டே வாருங்கள். காசைப் படிப்பது என்றால் அவ்வளவுதான், வேறு மந்திரம் கிடையாது.

பழைய புத்தகங்களில் இதைச் 'சீரழிவு' என்று எழுதியிருப்பார்கள். பார்த்து வரையத் தெரியாத காட்டான்கள் கெடுத்துவிட்டார்களாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதே மக்கள் வாளுறைகளிலும் உடை ஊசிகளிலும் செய்த வளைகோட்டு வேலையைப் பார்த்தால், கை வராதவர்கள் என்று சொல்ல வாய் வராது. அவர்களுக்கு முகம் முகமாக இருப்பதைவிட, வட்டத்துக்குள் வளைவுகள் எப்படி உட்காருகின்றன என்பதுதான் பெரிது. அதற்காக எல்லாக் காசையும் கலை என்று தூக்கிவைக்கவும் மாட்டேன். அவசரத்தில் ஏனோதானோ என்று வெட்டிய அச்சுகளும் ஏராளம்.

டான்யூப் வகைகளுக்கு ஜெர்மன் மொழியில் ஆராய்ச்சியாளர்கள் வைத்த செல்லப்பெயர்கள் உண்டு. ஏலப் பட்டியல்களில் இன்றும் அவைதான் புழக்கம். கூகல்வாங்க என்றால் 'குண்டுக்கன்னம்', தொடக்கத்தில் சொன்ன காசு அதுதான். சாட்டல்கோஃப்ஃபெர்ட் என்றால் 'சேணத்தலைக் குதிரை'. பாம்ரைட்டர் 'மரச்சவாரிக்காரன்'. பூப்பன்ரைட்டர் 'பொம்மைச் சவாரிக்காரன்'. கின்லோஸ் 'மோவாய் இல்லாதவன்'. பெயரைப் பாடம் செய்தாலே எந்த இடத்தில் கண் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: குதிரையைக் கண்டுபிடியுங்கள்

நம் ஊரில் பூவா தலையா போடுவோம். இங்கே தலையா குதிரையா. டான்யூபிலிருந்து பிரிட்டன் வரை ஏராளமான வெள்ளிக்காசுகளில் குதிரை இருக்கும். தலைப்பக்கம் ஒன்றுமே புரியவில்லை என்றால் மறுபக்கம் திருப்பி, முதலில் குதிரையின் கால்களைத் தேடுங்கள். மூட்டுக்கு ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து ஒரு கோடு, குளம்புக்கு இன்னொரு புள்ளி. இந்த அமைப்பு கிடைத்துவிட்டால் எது மேல், எது கீழ் என்பது உறுதி. தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் ஆராய்ச்சி செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பிலிப்பின் குதிரை வலப்பக்கம் போகும், நகலில் பல குதிரைகள் இடப்பக்கம் போகும். காரணம் எளிது. கண்ணால் பார்த்த திசையிலேயே அச்சில் வெட்டினால், அடிக்கும்போது கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி விழும். எழுத்தும் அப்படித்தான் திரும்பிக்கொள்ளும்.

சவாரிக்காரன் என்ன ஆனான் என்று பாருங்கள். சில வகைகளில் இடுப்புக்கு மேலே மட்டும் மிஞ்சியிருப்பான். சிலவற்றில் குதிரை முதுகில் ஒரு முளைக்குச்சி மட்டும். மேற்கே போனால் கதை வேறு. அங்கே மூலம் பிலிப்பின் தங்கக்காசு: கிரேக்கக் கடவுள் அப்பொல்லோவின் தலை, பின்புறம் இரண்டு குதிரை பூட்டிய தேர். நகலில் குதிரை ஒன்றாகக் குறைந்தது, தேர் போய்விட்டது, தேரோட்டி சுருள்கோடாகக் காற்றில் மிதக்கிறான். வடமேற்கு பிரான்சில், இன்றைய பிரிட்டனி பக்கம், சில குடிகள் குதிரைக்கு மனிதத் தலையே வைத்துவிட்டார்கள்.

அந்தப் பகுதியின் கோரியோசொலைட் குடியின் காசுகளைத் தொடக்கநிலையாளர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சுமார் 6.5 கிராம், மாற்றுக் குறைந்த வெள்ளி. தலையில் பெரிய பெரிய சுருள்முடி, எதிர்ப்பக்கம் குதிரை, குதிரையின் வயிற்றுக்குக் கீழே சிலவற்றில் காட்டுப்பன்றி, சிலவற்றில் யாழ். இவற்றை ஆறு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். மூக்கு, சுருள், வயிற்றடிச் சின்னம் மூன்றையும் பார்த்து வகுப்பைக் கண்டுபிடிப்பது நல்ல பயிற்சி. காசுக்கும் பஞ்சமில்லை. 2012-இல் ஜெர்சி தீவில் ஒரே புதையலில் சுமார் 70,000 காசுகள் கிடைத்தன, பெரும்பாலானவை இந்தக் குடியுடையவை. துருவேறி ஒரே பாறையாக ஒட்டிக்கிடந்ததால் மொத்தமாகத் தூக்கிக்கொண்டுபோய், ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து முடிக்க 2017 ஆகிவிட்டது.

நான்காம் படி: பூ சிலுவையான கதை

இது எனக்கு மிகவும் பிடித்தது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்பெயினின் வடகிழக்குக் கடற்கரையில் ரோடே என்று ஒரு கிரேக்கக் குடியிருப்பு இருந்தது, இன்றைய ரோசஸ். கிரேக்கத்தில் ரோஜாவுக்கு ரோடோன் என்று பெயர். ஊர்ப்பெயரில் ரோஜா ஒலிப்பதால் வெள்ளி டிராக்மாவின் ஒரு பக்கம் ரோஜாவையே பொறித்தார்கள், மறுபக்கம் பெண் தலை. அசல் பூவா தலையா!

அந்த ரோஜாவை மேலிருந்து பார்த்து வரையவில்லை, அடியிலிருந்து பார்த்து வரைந்தார்கள். காம்பு இருக்கும் இடத்தில் ஒரு முடிச்சு, அதைச் சுற்றி இதழ்கள், இதழ்களுக்கு நடுவே கூரான புல்லிகள். தெற்கு பிரான்சின் துலூஸ் நகரைச் சுற்றியிருந்த கெல்ட்டியக் குடிகள் இதைப் பார்த்து அடித்தபோது, நாலு பக்கமும் நீண்ட கோடுகள் மட்டும் கெட்டிப்பட்டுச் சிலுவையாகிவிட்டன. இதழ்கள் கரைந்துபோன நாலு கட்டங்களிலும் பிறை, கோடரி, நீள்வட்டம் என்று புதுச் சின்னங்கள் குடியேறின. இயேசு பிறப்பதற்கு முந்தைய காசு. ஆகவே அந்தச் சிலுவைக்கும் கிறிஸ்துவத்துக்கும் சம்பந்தம் இல்லை.

இந்தக் காசுகள் வட்டமாக இருக்காது. வெள்ளித்தகட்டை உளியால் வெட்டித் துண்டாக்கியதால் மூலைமூலையாக, பர்பித் துண்டு போல இருக்கும். அடையாளம் காண அந்த ஓரமே போதும். கட்டங்களில் கோடரி எங்கே இருக்கிறது, பிறை எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்து வகை பிரிக்கலாம்.

ஐந்தாம் படி: ஒரு காசை மட்டும் நம்பாதீர்கள்

காசு எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால் இது புரியும். களிமண்ணில் பணியாரச் சட்டி போலக் குழிகுழியாக ஒரு தட்டு. ஒவ்வொரு குழியிலும் எடைபோட்ட உலோகத்தைப் போட்டு உருக்கினால் குண்டுமணி போல உருண்டை கிடைக்கும். அதைத் தட்டி வில்லையாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவே வைத்து ஓங்கி ஒரு அடி. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஓல்டு ஸ்லீஃபோர்டு என்ற இடத்தில் இப்படிப்பட்ட தட்டுகளின் உடைந்த சில்லுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன.

பல சமயம் அச்சு பெரிது, வில்லை சின்னது. அதனால் அச்சில் இருக்கும் படத்தில் ஒரு பகுதிதான் காசில் விழும். ஒன்றில் மூக்கு இருக்கும், முடி இருக்காது. இன்னொன்றில் முடி மட்டும். புதியவர்கள் 'புரியாத ஓவியம்' என்று திகைப்பதில் பாதி, உண்மையில் வெட்டுப்பட்ட ஓவியம்.

இதற்கு மருந்து ட்ரேசிங் தாள். ஒரே அச்சில் அடித்த நாலைந்து காசுகளின் படங்களை ஒரே அளவில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சுதானா என்பதைச் சின்னக் குறைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். அச்சில் விழுந்த கீறல், இடம் மாறிய ஒரு புள்ளி, இவை எல்லாக் காசிலும் அதே இடத்தில் இருக்கும். முதல் காசின் கண்ணையும் மூக்கையும் தாளில் வரையுங்கள். தாளை அடுத்த காசின் மேல் வைத்து, கண்ணோடு கண் பொருத்தி, புதிதாகத் தெரிகிற பகுதியைச் சேர்த்து வரையுங்கள். நாலாவது காசில் பெரும்பாலும் முழுத் தலையும் வந்துவிடும். நான் முதலில் இப்படிச் செய்தது கிழக்கு இங்கிலாந்தின் ஐசினி குடியுடைய சின்ன வெள்ளிக்காசு, 1.2 கிராம் வாக்கில், நம் விரல்நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. முதல் காசில் பன்றியின் முதுகு மயிர் மட்டும்தான் இருந்தது. சீப்பு என்று நினைத்திருந்தேன்.

ஆறாம் படி: நிறுத்துப் பாருங்கள்

நகை நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று போதும், இரண்டு தசம இடம் காட்ட வேண்டும். கையில் கெல்ட்டியர் காசு இல்லாதவர்கள் அருங்காட்சியகப் பதிவேட்டில் போட்டிருக்கும் எடையைப் பார்க்கலாம். டான்யூப் நகல்கள் 14 கிராமுக்கு அருகில் தொடங்கி 12, 10 என்று காலப்போக்கில் இறங்கும், மாற்றும் கூடவே இறங்கும். இலேசாக இருந்தால் பிந்தியது என்று ஒரு கைக்கணக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கு மட்டுமே சாட்சி ஆகாது. விதிவிலக்கும் உண்டு. இன்றைய பிராட்டிஸ்லாவாவில் போயி குடி கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் அடித்த காசு 17 கிராம் வரை வரும்.

காசின் மேல் உளி வெட்டு இருந்தால் பழுது என்று ஒதுக்காதீர்கள். உள்ளே செம்பு வைத்து மேலே வெள்ளி பூசிய கள்ளக்காசு அந்தக் காலத்திலேயே உண்டு. வாங்கினவன் வெட்டிப் பார்த்த தழும்பு அது.

ஏழாம் படி: எழுத்து இருந்தால் பதறாமல் படியுங்கள்

பெரும்பாலான காசில் எழுத்து இருக்காது, அல்லது எழுத்து மாதிரி கோடுகள் இருக்கும். தாசோஸ் நகல்களில் ஹெராக்ளிஸைச் சுற்றியிருந்த கிரேக்க வாசகம் கடைசியில் வெறும் புள்ளி வரிசையாகிவிடும். அதைப் படிக்க முயலாதீர்கள், அது அலங்காரம்.

உண்மையான எழுத்து கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் பெருகுகிறது. கிழக்கு பிரான்சின் சின்ன வெள்ளிக்காசுகளில் கலெடெடு என்று கிரேக்க எழுத்தில் ஒரு பெயர். போயி காசுகளில் ரோமானிய எழுத்தில் பியாடெக், நொன்னோஸ் போன்ற பெயர்கள். பியாடெக் காசின் குதிரைவீரன் 1993-இல் ஸ்லோவாக்கியாவின் 5 கொருனா நாணயத்தில் மறுபடி ஏறி, அங்கே யூரோ வந்த 2009 வரை பை பையாகச் சுற்றினான்.

இன்றைய பிரான்சில் இருந்த ஏடுயி குடியின் தலைவன் டும்னோரிக்ஸ், ஜூலியஸ் சீசரே தன் எழுத்தில் புலம்பிய எதிரி, கி.மு. 54-இல் சீசர் ஆளனுப்பிக் கொன்ற ஆள். அவன் பெயர் பொறித்த வெள்ளிக்காசில் ஒரு வீரன் நிற்கிறான். கையில் போர்க்கொம்பு, பன்றி உருவக் கொடி, இன்னொரு கையில் வெட்டிய மனிதத் தலை. எதிரியின் தலையைக் கெல்ட்டியர் கொண்டுபோவார்கள் என்று கிரேக்கர்கள் எழுதியதை மிகை என்று தள்ள முடியாதபடி, அவர்கள் காசிலேயே இருக்கிறது.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு காசு. ஐசினி வெள்ளியில் ஒரு வகையைச் 'சுப் ரி பிராஸ்டோ', அதாவது 'மன்னன் பிராஸ்டோவின் கீழ்' என்று படித்தார்கள். ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்த ஐசினி ராணி போடிகாவின் கணவர் பிரசுடாகஸ் கிடைத்துவிட்டார் என்று ஒரே கொண்டாட்டம். பிறகு நல்ல காசுகளை வைத்து மறுபடி படித்தபோது 'எசுபிராஸ்டோ' என்று வந்தது, அது வேறு பெயர். மறுபக்கத்து வாசகம் மட்டும் மாறவில்லை: 'எசிகோ ஃபெகிட்', எசிகோ செய்தான். அச்சு வெட்டியவனாகவோ அக்கசாலைக்காரனாகவோ இருக்கலாம். ராஜா பெயர் தடுமாறியது, வேலைக்காரன் பெயர் நின்றுவிட்டது.

சின்னங்களுக்கு அர்த்தம் தேடும்போது

பன்றி போருக்கு அடையாளம், சக்கரம் சூரியன், காகம் மரண தேவதை என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடைக்கும். நம்பிக்கையோடு சொல்கிறவர்களிடம் கொஞ்சம் விலகியே இருங்கள். காசு அடித்தவர்கள் தங்கள் படங்களுக்கு விளக்கம் எழுதிவைத்துவிட்டுப் போகவில்லை. சரி, ஒன்றுமே சொல்லக்கூடாதா? சொல்லலாம், பக்கத்தில் இன்னொரு பொருள் இருந்தால். டென்மார்க்கில் 1891-இல் கிடைத்த குண்டஸ்ட்ருப் வெள்ளிக் கொப்பரையில் இதே போர்க்கொம்பை ஊதுகிறார்கள், ஒரு வீரனின் தலைக்கவசத்தில் பன்றி நிற்கிறது. பன்றிக்கும் போருக்கும் உறவு என்று சொல்ல அப்படி ஒரு பிடி கிடைக்கிறது. தேர்ச்சக்கரம் தேரிலிருந்து கழன்று வந்ததா, சூரியனா? மூலக்காசில் தேர் இருந்தால் முதலில் தேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே பார்ப்பது, வாங்கலாமா

ஆக்ஸ்ஃபோர்டில் பராமரிக்கும் கெல்ட்டிக் காயின் இண்டெக்ஸ் பிரிட்டன் காசுகளுக்கு. பிரான்சுக்குப் பாரிஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பு எல்லாவற்றுக்கும். மூன்றும் இலவசம். மேலே சொன்ன படிகள் எல்லாவற்றையும் ஒரு காசு கூட வாங்காமலே இவற்றில் பழகலாம்.

நம் பக்கத்திலேயே இந்தக் கதையின் கடைசி அத்தியாயம் கிடைக்கிறது. சீசருக்குப் பிறகு கெல்ட்டியக் குடிகளின் வெள்ளி அடங்கிப்போய், லுக்டுனும் நகரத்தில், இன்றைய லியோனில், ரோமானிய அக்கசாலை வந்தது. அங்கே அடித்த அகஸ்டஸ், டைபீரியஸ் டெனாரியஸ் காசுகள்தான் வெள்ளலூர் போன்ற கொங்குப் பகுதிப் புதையல்களில் கிடைக்கின்றன. ஒன்றைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், அதன் பக்கத்தில் ஒரு குண்டுக்கன்னக் காசின் படத்தை வைத்துப் பாருங்கள்.

வாங்கித்தான் ஆவேன் என்றால் முதல் வருடம் வேண்டாம். நான் பொறுக்காமல் வாங்கிய முதல் காசு போலி. படத்தில் அருமையாக இருந்தது, கையில் வந்ததும் ஓரத்தைப் பார்த்தேன்: உருக்கி ஊற்றி வார்த்தால் விழும் தையல் கோடு, அதைத் தேய்த்து மறைத்த அடையாளம், பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் காற்றுக்குமிழிக் குழிகள். அடித்த காசின் ஓரத்தில் வெடிப்பு இருக்கும், தையல் இருக்காது. இது தெரிந்திருந்தும் ஓரத்தின் படம் கேட்காமல் பணம் அனுப்பினேன். இன்று புதிதாக அச்சு வெட்டி அடிக்கிற போலிகளும் வருகின்றன, அவற்றுக்குத் தையல் கிடையாது. ஒரே மாதிரிக் காசு ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து இருந்தால் நகர்ந்துவிடுங்கள். எங்கே கிடைத்தது, முன்னால் யாரிடம் இருந்தது என்று தாளில் இல்லாத காசையும் விட்டுவிடுங்கள். திருட்டுத் தோண்டலில் வந்ததாக இருக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளிக்காசு இரண்டு சேர்ந்து கிடைத்தாலே, அதில் 10 சதவீதமாவது வெள்ளி இருந்தால், அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம்.

வாங்கிய பிறகு புளி, பல்பொடி, திருநீறு எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டில் யாராவது குத்துவிளக்கோடு சேர்த்து விளக்கிவிடாமல் பார்த்துக்கொள்வது தனிப் பொறுப்பு.